மறுமொழி: பண்ணை வீடு நிதி – எந்த வீட்டைச் சொல்கிறீர்கள்?

வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

குழுத் தலைவர் அண்ணனின் மடல் வந்தது. ஆளுக்கு 50,000 ரூபாய், மாசக் கடைசிக்குள், "நம் ஊர்ப் பண்ணை வீட்டை மீட்க". சரி அண்ணா, எது அந்தப் பண்ணை வீடு? ஊருக்குள் இருந்தது நடுவில் முற்றம் வைத்த தொட்டிக்கட்டு வீடு, தோட்டத்தில் இருந்தது சாளை என்கிற தோட்டத்துக் குடில். நம் அப்பன்மார் பண்ணையம், அதாவது விவசாயம் பார்த்தார்கள், பண்ணை வீடு என்று ஒன்றை யாரும் கட்டவில்லை.

பொங்கலுக்குப் போய்வந்த மேக்காட்டு அக்கா குழுவில் போட்ட படங்களை இன்னொரு தடவை பாருங்கள். "பண்ணை வீட்டு மனைகள்" என்று ஒரே மாதிரிப் பலகை மூன்று இடத்தில் நிற்கிறது. சாளைத் தோட்டத்து நுழைவான கடவில் ஒன்று, மேய்ச்சல் நிலமான கொறங்காட்டு வேலியோரம் ஒன்று, களத்தில் ஒன்று. மூன்றும் ஒரே சங்கதி இல்லை என்பது நம் ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் மடலில் மூன்றையும் சேர்த்து ஒரே பேரில் எழுதியிருக்கிறது.

களம் பற்றி முதலில். கிராம நில விவரம் எழுதியிருக்கும் அ பதிவேட்டில் அது களம் புறம்போக்கு. இணையத்திலேயே பார்க்கலாம், நான் பார்த்தேன். ஊரே சோளமும் கம்பும் அடித்துத் தூற்றிய இடத்துக்கு யார் யாருக்குக் கிரயம் எழுதிக் கொடுப்பது? பலகை நட்டவரிடம் பத்திரம் கேளுங்கள், போதும்.

கொறங்காடு பட்டா நிலம்தான். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலுமாகக் கிடக்கும், சுற்றிக் கிளுவை வேலி. உழவு கிடையாது, மாடு மேய்க்க மட்டும். காங்கேயம் மாடு நிற்பதே இந்த மாதிரிக் காடுகளை நம்பித்தான். எங்கள் அப்பத்தா சாயங்காலம் கடவில் நின்று குரல் கொடுத்தால் எருதுகள் தானாகத் திரும்பி வரும். அங்கே 5 சென்ட் 5 சென்ட்டாகக் கல் நட்டிருப்பதைப் படத்தில் பார்த்ததும் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அது என் பாடு, விடுங்கள். பட்டாவில் அது புன்செய். பட்டாதாரர் யார் என்று சிட்டாவில் இருக்கிறது.

அப்புறம் சாளைத் தோட்டம். கிணறு, கட்டுத்தரை, பட்டி, நடுவில் சாளை. இதைத்தான் "பூர்வீகப் பண்ணை வீடு" என்று நம் குழுவில் மாமா எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாங்கப்போவது யார்? வெளிநாட்டில் குடியிருக்கும் நம்மில் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவரானாலும் சரி, வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டைக்காரரானாலும் சரி, விவசாய நிலம், பிளான்டேஷன், பண்ணை வீடு இந்த மூன்றையும் விலைக்கு வாங்க ஃபெமா என்கிற அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தில் இடம் இல்லை. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். விற்பதென்றால் இந்தியாவில் குடியிருக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்கலாம். மடலுக்கு மடல் "பண்ணை வீடு, பண்ணை வீடு" என்று எழுதி, வாங்கக் கூடாத பட்டியலில் நாமே நம் கைப்பட இடத்தைச் சேர்க்கிறோம்.

ஊரில் இருக்கும் அறக்கட்டளை பேரில் வாங்கலாம் என்று டல்லாஸ் தம்பி சொல்கிறார். நல்லது. இந்தியக் குடிமகனாக இருப்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர் அனுப்பினால் ஆகும். 2010 எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அதற்குப் பதிவு வேண்டும், பணமும் 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லியில் உள்ள எஸ்பிஐ முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் போக வேண்டும். நம் அறக்கட்டளைக்கு அந்தப் பதிவு உண்டா? போன வசூலின் கணக்கையே கிணத்துக்கடவுச் சித்தப்பா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார், அவருக்கே பதில் வரவில்லை. அந்த வசூலில் மேடைக்குக் கொடுத்த சிமெண்ட் எங்கே போனது என்று அவர் கேட்பதைச் சிரித்து ஒதுக்குகிறோம். எனக்கு அந்தக் கேள்வி சரியாகத்தான் படுகிறது.

உண்மையில் மீட்க வேண்டிய வீடு ஒன்று இருக்கிறது. ஊருக்குள், கோயிலுக்குக் கிழக்கே, ஓடு சரிந்து நிற்கும் தொட்டிக்கட்டு வீடு. அது குடியிருக்கவென்று ஒதுக்கிய கிராம நத்தத்தில் இருக்கிற வீடு. விவசாய நிலமும் இல்லை, தோட்டத்து வீடும் இல்லை. நத்தம் பட்டா ஒழுங்காக இருந்தால் நாமே நேராக வாங்கலாம். ஆசாரத்துத் தூண்கள், அதாவது கூடத்துத் தூண்கள் இன்னும் நிற்கின்றன, அக்கா படத்தில் பார்த்தேன். ஆனால் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். பங்காளிகள் நான்கு பேர் கையெழுத்துப் போட வேண்டும், அதில் இரண்டு பேர் பேசிக்கொள்வதில்லை. அவர்களைச் சேர்த்து உட்கார வைப்பதைவிடப் பலகை நட்டவரிடம் பணம் கொடுப்பது சுலபமாகத் தெரிகிறது.

மாமா, நீங்கள் "நம் பெருமை" என்று எழுதினீர்கள். கோபம் வேண்டாம். பாகம் பிரித்தபோது எங்கள் அப்பாவுக்குச் சாளை, உங்களுக்குத் தொட்டிக்கட்டு. அன்றைக்குச் சாளையில் குடியிருந்தவன் பிள்ளை என்று பள்ளிக்கூடத்தில் என்னைக் கேலி செய்தவர்களில் உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. இன்றைக்கு அதே சாளை பெருமை ஆகிவிட்டது.

எனவே இடத்தின் புல எண், உட்பிரிவு எண், பட்டா, நில அளவைப் படமான புலப்படம் நான்கையும் குழுவில் போடுங்கள். பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். 40.75 ஏர் என்று மிரள வேண்டாம், ஒரு ஏர் என்பது ஏறக்குறைய இரண்டரை சென்ட், ஆக ஒரு ஏக்கர் சொச்சம். இவை வரும்வரை நான் ஒரு ரூபாயும் அனுப்பப்போவதில்லை. தொட்டிக்கட்டுக்கு என்றால் நான்கு கையெழுத்தும் வந்த அன்றே என் பங்கை அனுப்புகிறேன்.

பி.கு.: புலப்படம் எடுக்கும்போது கொறங்காட்டுக்குப் போகும் இட்டேரியையும் பாருங்கள். வண்டி போன தடம் அது. இன்றைக்கு ஒரு ஆள் நடக்கக்கூட முடியவில்லை என்று அக்கா சொல்கிறார். இரண்டு பக்கமும் உழுது சேர்த்துக்கொண்டவர் இந்தக் குழுவில்தான் இருக்கிறார், அவரே சொல்லிவிட்டால் நல்லது.