மறு: வயிற்றுப்போக்குக்கு ஒரே சொல் போதாது

நண்பர்களே, வணக்கம்.

ஹார்மோன்களைச் சுரக்கக்கூடிய ஒருவகைக் கட்டி (neuroendocrine tumour) உள்ளவர்களுக்காகப் பினாங்கில் நாங்கள் எழுதிவரும் உணவுக் கையேட்டில், அந்தக் கட்டிக்கு என்ன பெயர் வைப்பது என்று இங்கே பேசினோம்; 'நரம்பகச்சுரப்புக் கட்டி' என்பதே எனக்கும் உடன்பாடு. ஆனால் நோயாளிக்கு அன்றாடம் தேவைப்படுவது வேறு சொல். வரைவில் எல்லா இடத்திலும் 'வயிற்றுப்போக்கு' என்றே இருக்கிறது. டாக்டரிடமும் 'சிரிட் பிரிட்' என்று மலாயில் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள்.

இந்த நோயில் வயிறு போக மூன்று காரணங்களாவது உண்டு. மூன்றுக்கும் மருந்து வேறு. கட்டி சுரக்கும் செரட்டோனின் என்ற ஹார்மோன் முதலியவற்றால் வருவது ஒன்று: தண்ணீராகப் போகும், முகம் சிவந்து சூடேறும், பட்டினி கிடந்தாலும் நிற்காது. இதை அடக்கத்தான் ஆக்ட்ரியோடைட், லான்ரியோடைட் ஊசிகள். இரண்டாவது, அதே ஊசிகளால் வருவது. அவை கணைய நொதிகளையும் குறைத்துவிடுவதால் கொழுப்பு செரிக்காது. மலம் வெளிறி, எண்ணெய்ப் பிசுக்கோடு, கடும் நாற்றமாக, தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் மிதக்கும். மூன்றாவது, சிறுகுடலின் கடைசிப் பகுதியை வெட்டி எடுத்தவர்களுக்கு வருவது. அங்கே உறிஞ்சப்பட வேண்டிய பித்த அமிலங்கள் பெருங்குடலுக்குப் போய்த் தண்ணீரைச் சுரக்க வைக்கும்.

என் முன்மொழிவு: சுரப்புக் கழிச்சல், கொழுப்புக் கழிச்சல், பித்தநீர்க் கழிச்சல்.

இரண்டாவதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதற்கு ஒரு பெயர் இல்லாததால், சாப்பாடுதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துச் சந்தான் (தேங்காய்ப்பால்) ஊற்றிய கறியை நிறுத்தி, பொரித்த மீனை நிறுத்தி, வெறும் கஞ்சியில் மெலிந்துபோகிறார்கள். ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் கொழுப்போடு சேர்ந்து வீணாகின்றன. இவர்களில் பலருக்கு வேண்டியது பத்தியம் இல்லை, சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கும் கணைய நொதி மாத்திரை. (அது பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது. சைவர்களும் முஸ்லிம்களும் தெரிந்து முடிவெடுக்க, கையேடு இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.)

'எண்ணெய்க் கழிச்சல்' என்று ஓர் அம்மா எழுதியிருந்தார். சொல்ல எளிதுதான். ஆனால் சமையல் எண்ணெயைக் குறைத்தால் சரியாகிவிடும் என்ற எண்ணத்தையே அது வளர்க்கும். பாலிலும் இறைச்சியிலும் முந்திரியிலும் இருப்பதும் கொழுப்புதானே. 'கொழுப்பு மலம்' பொருளில் சரி, டாக்டர் முன்னால் வாய்விட்டுச் சொல்லத்தான் கூசுவார்கள்.

'கழிச்சலில் போக' என்று பாட்டிமார் திட்டுவது உண்மை, அதனால் அந்தச் சொல்லே வேண்டாம் என்பவர்களின் தயக்கம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் சித்த மருத்துவத்தில் அது இன்றும் நோயின் பெயர். முன்னால் எதைச் சேர்த்தாலும் ஒட்டிக்கொள்கிறது. 'பித்தக் கழிச்சல்' என்று மட்டும் சுருக்க வேண்டாம். பித்தம் என்றதும் வாதம், பித்தம், கபம் என்ற கணக்குக்குப் போய்விடுவார்கள்.

புற்றுநோயாளிகளின் வாழ்க்கை நலத்தை அளக்க ஐரோப்பாவில் உருவாக்கிய 30 கேள்விப் படிவத்தில் வயிற்றுப்போக்குக்கு ஒரே கேள்விதான். எது எவ்வளவு வாட்டுகிறது என்பதை நோயாளிதான் எடுத்துச் சொல்ல வேண்டும். கழிப்பறை எங்கே இருக்குமோ என்ற பயத்தில் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போவதையே விட்டவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

'சுரப்புக் கழிச்சல்' எனக்கே முழுத் திருப்தி தரவில்லை, பித்தநீரும் ஒரு சுரப்புதான் என்பதால். ஹார்மோனுக்குத் தமிழில் இயக்குநீர் என்பார்கள்; ஆனால் 'இயக்குநீர்க் கழிச்சல்' மலேசியாவில் யாருக்கும் புரியாது. 'ஹார்மோன் கழிச்சல்' என்றே வைத்துக்கொள்ளலாமா? சித்த மருத்துவம் படித்தவர்களும் தாதியராக இருப்பவர்களும் கருத்துச் சொல்லுங்கள்.