1986 வெள்ளி டாலரை எடைக்குப் போட்டுவிடலாமா?

புதுவண்ணைக்காரன் கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் சித்தப்பா கப்பலில் வேலை பார்த்தவர், அவர் கொண்டுவந்த இரண்டு அமெரிக்க வெள்ளி டாலர் இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. ஒன்று 1986, சுதந்திர தேவி சிலை போட்டது, டப்பாவும் சர்டிபிகேட்டும் அப்படியே இருக்கின்றன, நாணயத்தில் பொடியாக எஸ் என்று ஓர் எழுத்து. இன்னொன்று 1983, வட்டு எறியும் வீரர், ஒலிம்பிக் வளையம், எழுத்து பி. இதற்கு டப்பா இல்லை, ஓரமெல்லாம் கறுத்துக் கிடக்கிறது. சவுகார்பேட்டையில் ஒரு வெள்ளிக் கடையில் காட்டினேன். தராசில் போட்டுவிட்டு, பழைய கொலுசுக்குச் சொல்கிற ரேட்டைச் சொன்னார்கள். நாற்பது வருஷ அமெரிக்க நாணயத்துக்கு இவ்வளவுதானா? கறுப்பைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டு வேறு கடையில் காட்டலாமா? அப்புறம், இதை அமெரிக்காவில் கடையில் கொடுத்தால் செல்லுமா?

மின்ட் மணிக்கூண்டு:

தம்பி, முதலில் புளியைச் சமையலறையிலேயே வைத்துவிடுங்கள். விபூதியும் வேண்டாம், பல்பொடியும் வேண்டாம். தேய்த்த நாணயத்தில் சன்னமான கீறல் விழும், லென்ஸ் வைத்துப் பார்க்கிறவருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும், அதற்கப்புறம் அது வெறும் வெள்ளிதான். கறுப்பு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

செல்லுமா என்றால், சட்டப்படி ஒரு டாலருக்குச் செல்லும். ஆனால் யாரும் கொடுக்க மாட்டார்கள், ஏனென்றால் உள்ளே இருக்கிற வெள்ளியே அதைவிடப் பல மடங்கு. நம் ஊரில் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு 1000 ரூபாய் நாணயம் போட்டார்களே, அதே கதைதான். புழக்கத்துக்கு விடுவதற்காக அடித்ததே இல்லை, சேகரிப்பவர்களுக்கு நேரடியாக விற்க அடித்தது. அமெரிக்காவில் இந்த நினைவு நாணயங்களின் புது வரிசை 1982-ல் ஜார்ஜ் வாஷிங்டனின் 250-வது பிறந்தநாள் அரை டாலரோடு ஆரம்பித்தது. அடுத்த வருஷம் வந்த லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் டாலர்தான் உங்களிடம் இருக்கும் 1983. அதிலிருந்து வந்த ஒவ்வொன்றின் விலையிலும் ஏதோ ஒரு காரியத்துக்கு நன்கொடை சேர்ந்திருக்கும். உங்கள் 1986 டாலரில் 7 டாலர் அந்தச் சிலையையும், பக்கத்தில் குடியேறிகள் வந்திறங்கிய எல்லிஸ் தீவையும் புதுப்பிக்கப் போனது.

இப்போது கசப்பான விஷயம். அந்தப் பொடி எழுத்து எந்த ஊர் நாணயச் சாலையில் அடித்தது என்பதற்கான குறி, ப்ரூஃப் என்றால் கண்ணாடி மாதிரிப் பளபளக்கத் தனியாக அடித்தது. 1986 எஸ் ப்ரூஃப் மட்டும் 64 லட்சத்துக்கு மேல் விற்றிருக்கிறார்கள். அத்தனை பேரும் டப்பாவோடு பத்திரமாகப் பீரோவில் வைத்திருக்கிறார்கள். அழகான நாணயம், ஆனால் அரிய நாணயம் இல்லை. கடைக்காரர் உங்களை ஏமாற்றினார் என்று சொல்ல முடியாது, அவர் வெள்ளி வாங்குகிறவர், அவ்வளவுதான்.

காசிமேட்டு அக்கா:

மணிக்கூண்டு அண்ணன் சொல்வது சரிதான், ஆனால் பழைய கொலுசு ரேட்டுக்குத் தர வேண்டியதில்லை. கொலுசின் தரம் கடைக்குக் கடை மாறும், இது 90 சதவீத வெள்ளி என்று எல்லோருக்கும் தெரிந்தது. எடை 26.73 கிராம், அதாவது சுத்த வெள்ளி மட்டும் 24 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. அன்றைய ரேட்டில் 24 கிராமுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொண்டு போங்கள். சேதாரம், உருக்குக் கூலி என்று கழிக்க ஆரம்பித்தால் நாணயம் வாங்கி விற்கிறவர்களிடம் பேசுங்கள், அவர்களுக்கு இதை உருக்க வேண்டிய அவசியமே இல்லை.

போலியும் சுற்றுகிறது, அதனால் விற்கும்முன் எடையோடு விட்டத்தையும் பாருங்கள், 38.1 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். காந்தம் ஒட்டினால் கதை முடிந்தது.

ப்ரூஃபை டப்பாவிலிருந்து வெளியே எடுத்துக் கையில் வைத்துப் பார்க்காதீர்கள். விரல் ரேகை அந்தக் கண்ணாடிப் பளபளப்பில் அப்படியே பதிந்துவிடும், அப்புறம் போகவே போகாது. 1983-ஐ மெல்லிய பிளாஸ்டிக் கவரில் போட்டு வைக்காதீர்கள், நம் கடலோரப் புழுக்கத்தில் பச்சையாக ஒரு பிசுபிசுப்பு வரும். நாணயம் வைக்கிற கெட்டியான காப்ஸ்யூல் டப்பா வாங்கிப் போடுங்கள்.

புதுவண்ணைக்காரன்:

ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. அப்படியானால் இந்த வகையில் எதற்குமே விலை ஏறாதா? சேர்க்கலாம் என்று ஆசை வந்துவிட்டது, அதனால் கேட்கிறேன்.

மின்ட் மணிக்கூண்டு:

ஏறுவது எதுவென்றால், வெளியான நேரத்தில் யாரும் சீண்டாதது. 1995, 96-ல் அட்லாண்டா ஒலிம்பிக்குக்கு வகை வகையாக அடித்துத் தள்ளினார்கள், சேகரிப்பவர்கள் சலித்துப்போய் வாங்குவதையே விட்டார்கள். அதனால் 1996 பாராலிம்பிக் டாலரில், சக்கர நாற்காலி வீரர் உருவம், டி எழுத்து, ப்ரூஃப் அல்லாதது, 14,500 கூட விற்கவில்லை. இன்றைக்கு அதைத்தான் தேடுகிறார்கள். அந்தக் கூத்துக்கு அப்புறம்தான் வருஷத்துக்கு இரண்டு விழாவுக்கு மேல் நாணயம் கூடாது என்று சட்டமே போட்டார்கள். 2001 எருமை டாலர் வேறு மாதிரி, பழைய நிக்கல் காசின் உருவத்தை எடுத்துப் போட்டார்கள், 5 லட்சமும் சூடாக விற்றுத் தீர்ந்தது.

லாபத்துக்காக என்றால் கட்டி வெள்ளி வாங்குங்கள், தம்பி. உருவம் பிடித்தால் இதை வாங்குங்கள். 2019 அப்பல்லோ 11 டாலரைப் பாருங்கள், ஒரு பக்கம் குழி, மறுபக்கம் புடைப்பு, விண்வெளி வீரரின் தலைக்கவசக் கண்ணாடியில் நிலா தெரிகிறது. விலை ஏறாவிட்டாலும் எனக்குக் கவலை இல்லை.

தண்டையார்பேட்டை குமார்:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் மஞ்சளாக ஒரு டாலர், அமெரிக்க ஜனாதிபதி முகம் போட்டது. தங்கமா?

காசிமேட்டு அக்கா:

தங்கம் இல்லை குமார், பெரும்பாலும் செம்பு, மேலே மாங்கனீசுப் பித்தளை. 2007-ல் புழக்கத்துக்கென்றே விட ஆரம்பித்தார்கள், மக்கள் நோட்டை விடுவதாக இல்லை, கோடிக்கணக்கில் பெட்டகத்தில் தேங்கியதால் 2011 கடைசியில் நிறுத்திவிட்டார்கள். 2012-ல் வந்த செஸ்டர் ஆர்தர் முதல் எல்லாம் சேகரிப்பவர்களுக்கு மட்டும். வருஷம் முகத்தில் இருக்காது, விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். யார் முகம் என்று சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை குமார்:

லிங்கன், 2010.

காசிமேட்டு அக்கா:

புழக்கத்துக்கு வந்ததுதான். அமெரிக்கா போகிறவர் யாராவது இருந்தால் கொடுத்தனுப்புங்கள், காபிக்குப் பாதி காசு ஆகும்.