ஒரே அடுக்கில் கரிக்கு 4,200 ஆண்டு, மணலுக்கு 9,000 ஆண்டு: எதை நம்புவது?

வண்டல்மகள்:
முதுகலை ஆய்வுக்காகப் பழைய ஆற்றுத் தடம் ஒன்றின் வெட்டுமுகத்தில் வேலை செய்கிறேன். 2.1 மீட்டர் ஆழத்தில் ஒரு மணல் அடுக்கு. அதில் கிடைத்த கரித்துண்டுக்கு கார்பன் 14 முறையில் சுமார் 4,200 ஆண்டு வந்தது. பக்கத்திலேயே இரும்புக் குழாய் அடித்து எடுத்த மணலுக்கு, குவார்ட்ஸ் ஓஎஸ்எல் முறையில் (படிகத்தை ஒளியால் தூண்டி, அது மினுங்குவதை அளக்கும் முறை) 9,000 ஆண்டு. அறிக்கையில் இருப்பவை: சராசரி டோஸ் (மணல் வாங்கிய கதிர்வீச்சு) 18 கிரே, டோஸ் வீதம் ஆயிரம் ஆண்டுக்கு 2 கிரே, மணிகளை ஒட்டி அளந்த வில்லைகள் 24, ஓவர்டிஸ்பெர்ஷன் (அளவீட்டுப் பிழைக்கு மேல் மதிப்புகள் சிதறும் அளவு) 48 சதவீதம், ஈரம் 5 சதவீதம். கரியைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்கிறார்கள் குழுவில். எனக்கு மனம் ஒப்பவில்லை.

இருட்டறைவாசி:
கரியை விட்டுவிடாதீர்கள். 9,000 என்ற எண்ணை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் அந்த 48 சதவீதத்தைப் பாருங்கள்.

மணல் கடைசியாக வெயில் பார்த்த நேரத்திலிருந்துதான் ஓஎஸ்எல் கணக்கு தொடங்குகிறது. புதைந்த பிறகு, சுற்றியுள்ள மண்ணின் யுரேனியமும் தோரியமும் பொட்டாசியமும் விடும் கதிர்வீச்சால் குவார்ட்ஸ் படிகத்துக்குள் எலக்ட்ரான்கள் சிக்கிச் சேர்கின்றன. ஆய்வகத்தில் நீல ஒளி பட்டால் அவை விடுபட்டு மினுங்கும். அந்த மினுக்கத்துக்கு ஈடான டோஸை டோஸ் வீதத்தால் வகுத்தால் வயது. உங்கள் 18ஐ 2ஆல் வகுத்துத்தான் 9,000 வந்திருக்கிறது.

நேரடி வெயிலில் பத்து வினாடி கிடந்தாலே குவார்ட்ஸின் பழைய சமிக்ஞை ஏறக்குறைய 1 சதவீதத்துக்கு இறங்கிவிடும். காற்று அள்ளி வரும் பாலை மணலுக்கு அந்தப் பத்து வினாடி எளிதாகக் கிடைக்கும். கலங்கிய வெள்ளத்தின் அடியில் இரவோடு இரவாக உருண்டு வந்த மணலுக்கு? கரை இடிந்து கட்டியாக விழுந்து அப்படியே மூடிப்போன மணலுக்கு? அவற்றில் பழைய பாக்கி தீராமல் நிற்கும். நன்றாக வெளுத்த, அதாவது பழைய சமிக்ஞை வெயிலில் அழிந்த மணலில் ஓவர்டிஸ்பெர்ஷன் பெரும்பாலும் 20 சதவீதத்துக்குள் இருக்கும். 48 என்றால் வெளுத்ததும் வெளுக்காததும் கலந்திருக்கிறது என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

ஆஸ்திரேலியாவின் ஜின்மியம் பாறைத் தங்குமிடத்தில் இதுதான் நடந்தது. 1996இல் வெப்ப ஒளிர்வு முறையில் (ஒளிக்குப் பதில் சூடாக்கி அளப்பது), கல்கருவிகள் கிடந்த படிவுக்கு ஒரு லட்சம் ஆண்டுக்கு மேல் என்று அறிவித்தார்கள். 1998இல் மணிகளைத் தனித்தனியாக அளந்தபோது அது 10,000 ஆண்டுக்குள் வந்து நின்றது. அங்கேயே சிதைந்த பாறையிலிருந்து உதிர்ந்து, வெயிலே பார்க்காத மணிகள் சராசரியை மேலே இழுத்திருந்தன.

அதனால் 24 வில்லைகளின் மதிப்புகளையும் ஆய்வகத்திடம் கேட்டு வாங்குங்கள். கீழே 8, 9 கிரே பக்கம் ஒரு கூட்டம், மேலே நீண்ட வால் என்று இருந்தால் குறைந்தபட்ச வயது மாதிரிதான் (கீழ்க் கூட்டத்தை வைத்து வயது கணிக்கும் முறை) பொருந்தும். வயது 4,000, 4,500க்கு வந்துவிடும். ஆனால் கரியோடு ஒத்துப்போகிறது என்பதற்காக அந்த மாதிரியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பரவலின் வடிவம்தான் அதைச் சொல்ல வேண்டும். பெரிய வில்லையில் நூற்றுக்கணக்கான மணிகள் ஒன்றாக மினுங்குவதால் வித்தியாசம் அமுங்கிவிடும். 1 அல்லது 2 மில்லிமீட்டர் வில்லைகளில் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். முடிந்தால் தனி மணி.

இன்னொன்று: மரம் எரிந்த பிறகுதான் கரி மணலோடு சேர்ந்திருக்கும். கரி பிற்பாடு உள்ளே இறங்கவில்லை என்றால், அந்த அடுக்கு அதைவிடப் பழையதாக இருக்க முடியாது.

நீர்மட்டம்:
மேலே சொன்னது சரி. ஆனால் ஈரம் 5 சதவீதம் என்பது எனக்கு உறுத்துகிறது. காய்ந்து போன வெட்டுமுகத்தில் எடுத்த அளவாக இருக்கலாம். நீர் கதிர்வீச்சை உறிஞ்சும், அதனால் டோஸ் வீதம் குறையும். ஈரம் 1 சதவீதம் கூடினால் வயதும் ஏறக்குறைய 1 சதவீதம் கூடும். பெரும்பாலான காலம் 20 சதவீதம் இருந்திருந்தால் 4,500 என்பது 5,200 பக்கம் போகும். அப்போது கரி இளையது என்றாகிவிடும். கரி மேலிருந்து இறங்க வழியாக வேர்த்தடம், வளை ஏதாவது இருந்ததா?

வண்டல்மகள்:
வேர்த்தடம் இல்லை. துருப்பிடித்த மாதிரி செம்புள்ளிகள் அடுக்கு முழுக்க இருக்கின்றன. சிறிய வில்லைகளில் அளக்க ஆய்வகம் ஒப்புக்கொண்டது. இந்த ஆற்று மணல் உண்மையிலேயே சரியாக வெளுப்பதில்லையா என்று தனியாகச் சோதிக்க வழி உண்டா?

இருட்டறைவாசி:
செம்புள்ளி என்றால் நீர்மட்டம் ஏறி இறங்கிய இடம். 5 சதவீதத்தை நம்பாமல், மணலை நீரில் நிறைவித்து அதன் உச்ச ஈரத்தையும் அளக்கச் சொல்லுங்கள். உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கும்.

சோதனைக்கு, இதே ஆற்றில் அண்மை வெள்ளம் விட்டுப்போன மணல்திட்டில் ஒரு மாதிரி எடுங்கள். இப்போது வெயில் படும் மேல்தோலை ஒதுக்கிவிட்டு, அடியில் குழாயைச் செருகி, இரு முனையையும் கறுப்பு உறையால் மூடுங்கள். சரியாக வெளுத்திருந்தால் டோஸ் பூஜ்யத்தை ஒட்டி வரும். 4 கிரே வந்தால், இந்த ஆறு இன்றைய மணலிலேயே 2,000 ஆண்டைச் சுமந்து வருகிறது என்று பொருள். அதோடு பழைய அடுக்கின் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தையும் அளக்கச் சொல்லுங்கள். அது குவார்ட்ஸைவிட மெதுவாக வெளுக்கும். காலப்போக்கில் அதில் நேரும் சமிக்ஞைக் கசிவைத் திருத்திய பிறகும் அதன் வயது குவார்ட்ஸைவிட மிகவும் அதிகமாக வந்தால், வெயில் போதவில்லை என்ற சந்தேகம் வலுக்கும்.