முதல் சம்பளத்தைப் பார்த்து டிகிரியைத் தேர்ந்தெடுக்கலாமா?

கேள்வி

என் தம்பி பள்ளிப் படிப்பை முடித்துவிட்டான். கணக்கு அவனுக்கு நன்றாக வரும். புள்ளியியல் படிக்க ஆசைப்படுகிறான். வீட்டிலோ கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என்று ஒரே பிடிவாதம். நாங்கள் வாங்கி வந்த கல்லூரிக் கையேடுகளில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு நேராகப் போட்டிருக்கும் ‘சராசரி தொடக்கச் சம்பளம்’ மற்ற படிப்புகளைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வணிகவியல் எல்லாவற்றுக்கும் கீழே. நர்சிங்குக்கு எண்ணே போடவில்லை, ‘100% வேலைவாய்ப்பு’ என்று மட்டும் இருக்கிறது.

படிப்புக் கடன் வாங்கித்தான் சேர்க்க வேண்டும். அதனால் பணத்தைப் பார்க்காதே, பிடித்ததைப் படி என்று அவனிடம் சொல்லிவிட்டு என்னால் நகர முடியாது. அந்த எண்களை எவ்வளவு தூரம் நம்பலாம்? முதல் சம்பளத்தில் இருக்கும் வித்தியாசம் பத்து வருடம் கழித்தும் அப்படியே இருக்குமா? வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1

சகோதரி, ஃப்ரெஷர்களுக்கு ஆஃபர் லெட்டர் தயாரிப்பதுதான் என் வேலை. கையேட்டில் வரும் எண் எங்களைப் போன்றவர்கள் மேசையிலிருந்து கிளம்பிப் போவதுதான். அது எப்படி உருவாகிறது என்று சொல்கிறேன்.

முதலில் சராசரி. பத்துப் பேர் வேலைக்குப் போகிறார்கள் என்று வையுங்கள். ஒன்பது பேருக்கு மாதம் 30,000, ஒருவருக்கு 3,00,000. சராசரி 57,000. அந்தப் பத்துப் பேரில் 57,000 வாங்குகிறவர் ஒருவர்கூட இல்லை. கம்ப்யூட்டர் சயின்ஸில் இது அதிகம் நடக்கும், ஏனென்றால் உச்சியில் இருக்கும் சில நிறுவனங்கள் கொடுப்பதற்கும் மற்றவர்கள் கொடுப்பதற்கும் இடைவெளி அவ்வளவு பெரியது. நர்சிங், ஆசிரியர் வேலை போன்றவற்றில் தொடக்கச் சம்பளங்கள் ஒன்றுக்கொன்று பக்கத்திலேயே இருக்கும், அங்கே சராசரியை ஓரளவு நம்பலாம். கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டன் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தவர். அவருடைய வருமானத்தைச் சேர்த்துக் கணக்கிட்டால் புவியியல்தான் உலகத்திலேயே லாபமான படிப்பு என்று வந்துவிடும் என்பது புள்ளியியல் வகுப்புகளில் அடிக்கடி வரும் உதாரணம். தம்பிக்குச் சொல்லுங்கள், அவனுக்குப் பிடிக்கும். கல்லூரியில் கேட்க வேண்டியது மீடியன், அதாவது எல்லாச் சம்பளத்தையும் வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்கும் தொகை.

அடுத்தது, யார் யாரை எண்ணினார்கள் என்பது. 100% என்று போட்டிருந்தால் பல இடங்களில் அது பிளேஸ்மென்ட்டுக்குப் பதிவு செய்தவர்களில் 100%. அரியர் இருந்ததால் பதிவு செய்ய முடியாதவர், மேல்படிப்புக்குப் போனவர், தானே வெளியில் வேலை தேடிக்கொண்டவர் யாரும் அந்தக் கணக்கில் வருவதில்லை. ஒரே மாணவருக்கு மூன்று ஆஃபர் வந்தால் மூன்று என்று எண்ணுவதும் உண்டு.

அப்புறம் பேக்கேஜ். பெற்றோர்கள் ஏமாந்துபோவதை நான் அதிகம் பார்ப்பது இங்கேதான். ஆஃபர் லெட்டரின் பின்பக்கத்தில் ஓர் அட்டவணை இருக்கும். அடிப்படைச் சம்பளம், அலவன்ஸ்கள், நிறுவனம் தன் பங்காகக் கட்டும் ஓய்வுக்கால நிதி, இன்சூரன்ஸ் பிரீமியம், வேரியபிள், ஜாயினிங் போனஸ் என்று வரிசையாகப் போட்டு எல்லாவற்றையும் கூட்டிய எண்தான் பேக்கேஜ். வேரியபிள் அந்த வருட லாபத்தையும் உங்கள் அப்ரைசலையும் பொறுத்தது, முழுதாக வராமலும் போகலாம். ஜாயினிங் போனஸ் ஒரே தடவைதான், குறிப்பிட்ட காலத்துக்குள் வேலையை விட்டால் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் பெரும்பாலும் கூடவே இருக்கும். பங்குகள் கொடுக்கிறார்கள் என்றால் அவை பல வருடங்களுக்குப் பிரித்துத்தான் கைக்கு வரும், நான்கு வருடம் என்பது சாதாரணம். ஆனால் மொத்த மதிப்பையும் முதல் வருடப் பேக்கேஜிலேயே சேர்த்துக் காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். கடன் தவணை கட்டப் போவது மாதக் கடைசியில் அக்கவுண்ட்டில் விழும் பணத்திலிருந்து. அந்தத் தொகையை வைத்து மட்டும் கணக்குப் போடுங்கள்.

பதில் 2

நான் ஐ.சி.யூ. நர்ஸ். வேலை கிடைக்கும் என்பது உண்மை. நர்ஸாக வேலை பார்க்கத் தேவையான பதிவு எண் கைக்கு வந்ததும் எங்கள் வகுப்பில் எல்லோரும் வேலைக்குப் போய்விட்டோம். அதற்கப்புறம் சம்பளம் ஏறும் வேகம்தான் பிரச்சினை. பொது வார்டிலேயே இருந்தவர்களுக்கு வருடா வருடம் கொஞ்சம்தான் கூடியது. டயாலிசிஸ், ஐ.சி.யூ. என்று ஏதாவது ஒன்றில் தனிப் பயிற்சி எடுத்தவர்களுக்கும், வேறு நாட்டு லைசென்ஸ் தேர்வு எழுதிப் போனவர்களுக்கும் நன்றாக ஏறியது. சம்பளச் சீட்டில் இரவு ஷிப்ட் அலவன்ஸ் எவ்வளவு என்று தனியாகப் பார்க்க வேண்டும் அக்கா. திருமணம், குழந்தை என்று ஆன பிறகு எத்தனை பேரால் தொடர்ந்து இரவு ஷிப்ட் பார்க்க முடிகிறது?

பதில் 3

புள்ளியியல் கற்பிப்பவன் என்ற முறையில், பத்து வருடம் கழித்து என்ன ஆகும் என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

டேவிட் டெமிங், கதீம் நோரே என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் எடுத்துக்கொண்டது. 2007 முதல் 2019 வரை இணையத்தில் வந்த வேலை விளம்பரங்களில் என்னென்ன திறமைகள் கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். கம்ப்யூட்டர், பொறியியல் போன்ற துறைகளில் கேட்கும் திறமைகள் சீக்கிரம் மாறிவிடுகின்றன. அதனால் அந்தப் பட்டதாரிகளுக்கு ஆரம்பத்தில் கிடைக்கும் கூடுதல் சம்பளம், மற்றவர்களோடு ஒப்பிடும்போது வேகமாகக் குறைந்துகொண்டே வருகிறது. புதிதாகப் படித்துவிட்டு வருகிறவரிடம் புதிய கருவி இருக்கிறது, பழையவர் வேலை பார்த்துக்கொண்டே கற்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்க மத்திய வங்கி அமைப்பைச் சேர்ந்த நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கி படிப்பு வாரியாக ஓர் அட்டவணை வெளியிடுகிறது. அமெரிக்காவுக்கான கணக்குதான், ஆனாலும் பாருங்கள். 22 முதல் 27 வயது வரை ஒரு சம்பளம், 35 முதல் 45 வரை இன்னொரு சம்பளம் என்று இரண்டு பத்திகள் இருக்கும். இரண்டாவது பத்தியை வைத்து ஒப்பிட வேண்டும். 2023-ஆம் ஆண்டுக்கான கணக்கில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த இளைஞர்களிடையே வேலையின்மை 6 சதவீதத்தைத் தாண்டியது, கலை வரலாறு படித்தவர்களைவிட அதிகம். இதை மட்டும் படித்துவிட்டுப் பலர் பயந்துபோனார்கள். பக்கத்திலேயே, டிகிரி தேவைப்படாத வேலையில் இருப்பவர்கள் எத்தனை சதவீதம் என்ற பத்தியும் இருக்கிறது. அதில் கம்ப்யூட்டர் சயின்ஸ் நல்ல நிலையில்தான் இருந்தது.

எந்த வருடம் வெளியே வருகிறோம் என்பதும் பெரிய விஷயம். 2014 நடுவில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 100 டாலருக்கு மேல் விற்றது, 2016 தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே போனது. நல்ல விலை இருந்தபோது பெட்ரோலிய பொறியியலில் சேர்ந்தவர்கள் பட்டம் வாங்கும்போது ஆள் எடுப்பு நின்றிருந்தது. கனடாவில் நடந்த ஓர் ஆய்வு, மந்தநிலையில் பட்டம் பெற்றவர்களின் வருமானத்தில் அந்த அடி சுமார் பத்து வருடம் வரை தெரிகிறது என்று கண்டது. மீண்டவர்களில் பலர் படிப்படியாக நல்ல நிறுவனங்களுக்கு மாறி மீண்டவர்கள்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. அப்படியானால் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிடலாமா?

பதில் 1

அப்படிச் சொல்லிவிடாதீர்கள் சகோதரி. விருப்பத்தோடு படிக்கிறவருக்கு இன்றும் அது நல்ல படிப்புதான். பிடிக்காமல் சேர்ந்தவர்கள் இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடுவார்கள். இறுதி ஆண்டு புராஜெக்ட்டைப் பற்றிக் கேட்டால் தலைப்பைத் தாண்டி எதுவும் வராது. உங்கள் தம்பி புள்ளியியலில் ஆர்வமாக இருப்பவன், அவனைப் போன்றவர்களை இன்சூரன்ஸ், வங்கி, மருந்து ஆராய்ச்சி, டேட்டா அனாலிடிக்ஸ் எல்லா இடத்திலும் எடுக்கிறார்கள். ஆனால் வெறும் சூத்திரங்களோடு வந்தால் எங்களால் எடுக்க முடிவதில்லை.

கல்லூரிக்குப் போகும்போது சம்பளப் பட்டியலோடு பாடத்திட்டத்தையும் கேட்டு வாங்குங்கள். அதில் ஆர் அல்லது பைத்தான், எஸ்.க்யூ.எல். போன்ற, டேட்டாவைக் கையாளும் கணினி மொழிகளுக்கு லேப் வகுப்பு இருக்கிறதா, இன்டர்ன்ஷிப்புக்கு ஒரு செமஸ்டர் விடுகிறார்களா என்று பாருங்கள். ஐந்து வருடத்துக்கு முன்னால் அங்கே புள்ளியியல் முடித்தவர்கள் நான்கைந்து பேரின் தொடர்பைத் துறைத் தலைவரிடம் கேளுங்கள். இப்போது என்ன வேலையில் இருக்கிறார்கள், அந்த வேலைக்கு எப்படி வந்தார்கள் என்று தம்பியே அவர்களிடம் பேசட்டும்.