தியோங் பாரு பிஸ்ட்ரோவில் சைவம்: இலைப் படத்தை நம்பலாமா?

செங்காங் மருமகள்:
மன்னார்குடியிலிருந்து அத்தை சிங்கப்பூர் வந்திருக்கிறார். சுத்த சைவம், முட்டையும் கிடையாது. வெங்காயம், பூண்டு பரவாயில்லை. போன வாரம் தியோங் பாருவில் 1930களில் கட்டிய அந்த வெள்ளை அடுக்குமாடிகளைச் சுற்றிக் காட்டினேன். கீழ்த்தளத்தில் ஏழெட்டு மேசை போட்ட ஒரு சின்ன பிஸ்ட்ரோ, மேற்கத்திய சாப்பாட்டுக் கடை. கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றவர், "ஒருநாள் அந்த ஜன்னல் பக்கம் உட்கார்ந்து சாப்பிடணும்" என்றார். வாயைத் திறந்து எதுவும் கேட்காதவர். வரும் சனிக்கிழமை அழைத்துப் போகிறேன். மெனுவில் காளான் சூப், ரிசோட்டோ (இத்தாலிய அரிசிச் சாப்பாடு), சீசர் சாலட் மூன்றுக்கும் சைவம் என்று பச்சை இலை போட்டிருக்கிறார்கள். நம்பலாமா? செலவு எப்படி?

பழைய அடுப்படி:
இப்படி ஒரு கடையின் சமையலறையில் ஆறு வருடம் நின்றவன் சொல்கிறேன், கேட்காமல் நம்பாதீர்கள். எங்கள் காளான் சூப்பில் ஊற்றியது கோழி எலும்பு வெந்த சாறு. ரிசோட்டோவும் அப்படித்தான். கரண்டி கரண்டியாக அந்தச் சாற்றைக் குடித்துத்தான் அரிசியே வேகும், அதனால் "கோழி போடாதீங்க" என்றால் போதாது. சீசர் சாலட்டின் சாஸில் நெத்திலி. அசல் பார்மசான் சீஸை உறைய வைப்பது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட். (இதை அத்தையிடம் சொல்வது உங்கள் பாடு.)

கடையிலேயே பிசைந்த பாஸ்தா என்றால் முட்டை இருக்கும். பாக்கெட்டில் வரும் காய்ந்த ஸ்பகெட்டி பெரும்பாலும் கோதுமையும் தண்ணீரும்தான். அதில் பூண்டு, காய்ந்த மிளகாய், ஆலிவ் எண்ணெய் போட்டு ஆலியோ ஓலியோ கேளுங்கள், சீஸ் தூவ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். "வெஜிடேரியன்" என்ற ஒரு வார்த்தையோடு நிறுத்தாதீர்கள். முட்டை, மீன், கோழிச்சாறு என்று பிரித்துச் சொல்லுங்கள், அதுவும் மேசை பதியும்போதே. சனிக்கிழமை பன்னிரண்டரை மணிக் கூட்டத்தில் சொன்னால் பரிமாறுகிற பிள்ளை தலையாட்டும், சேதி அடுப்புக்கு வந்து சேராது. எனக்கே வந்து சேராமல், ஒரு பாட்டிக்கு நெத்திலி சாஸ் ஊற்றி அனுப்பியிருக்கிறேன். இன்னும் உறுத்துகிறது.

கோப்பி ஓ கோசோங்:
செலவுக்கு மட்டும் பதில். விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா பாருங்கள். 10% சேவைக் கட்டணம், அதையும் சேர்த்து அதன் மேல் 9% பொருள் சேவை வரி. 24 வெள்ளி (டாலர்) பாஸ்தா 28.78 ஆகிவிடும். தண்ணீருக்கும் சில இடங்களில் காசு. சாப்பிட்டுவிட்டு கோப்பிக்குப் பக்கத்துச் சந்தை மாடிக்கு ஏறிவிடுங்கள், அங்கே உணவங்காடி இருக்கிறது.

தேக்கா வாசி:
இவ்வளவு விசாரணை எதற்கு? பேசாமல் நம்ம தேக்காவில், கோமள விலாஸ் சைவக் கடையில் ஒரு சாப்பாடு!

செங்காங் மருமகள்:
@தேக்கா வாசி, வந்த நாளிலிருந்து தேக்காவில்தான் சாப்பிடுகிறோம் அண்ணே. அவருக்கு வேண்டியது அந்த ஜன்னல்.

@பழைய அடுப்படி, இன்று போன் செய்தேன். சூப்பில் கோழிச்சாறுதான், ஒப்புக்கொண்டார்கள். ஸ்பகெட்டி தனிச் சட்டியில் செய்து தருவார்களாம். பதினொன்றரைக்கு ஜன்னல் மேசை. சேதி கேட்டதும் அத்தை ஊறுகாய் பாட்டிலைக் கைப்பைக்குள் வைத்துவிட்டார். எடுக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.