குடியிருப்பில் சும்மா கிடக்கும் பொது இடம்: பல்லுயிருக்கு என்ன செய்யலாம்?

வேலியோரம்:
சங்கத்தின் கையில் சுமார் 1,000 சதுர மீட்டர் இடம் இருக்கிறது. புல்லும் கொஞ்சம் புதரும்தான். 300 மரக்கன்று நடலாம், தேனீ விடுதி (தனித்து வாழும் தேனீக்கள் கூடு வைக்கத் துளைகள் உள்ள கட்டை) மாட்டலாம், சின்னக் குளம் வெட்டலாம் என்று பேச்சு. எதில் தொடங்குவது?

தும்பி:
கன்று நடுவதை ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள். சும்மா கிடக்கிற இடம் பெரும்பாலும் சும்மா இருப்பதில்லை. தேனீ இனங்களில் ஏறத்தாழ 70 சதவீதம் மண்ணுக்குள் கூடு வைப்பவை. வெயில் படும் வெற்று மண் அவற்றுக்கு வேண்டும். 300 கன்றை நெருக்கி நட்டால் சில வருடங்களில் நிழல் மூடி, அவை போய்விடும்.

முதல் வேலை கணக்கெடுப்பு. 50 செ.மீ. சதுரச் சட்டத்தைப் பூக்கள் மேல் வைத்து, அதற்குள் வந்து உட்காரும் பூச்சிகளை 10 நிமிடம் எண்ணுங்கள். காற்று அதிகமில்லாத வெயில் நேரம் நல்லது. இனப்பெயர் தெரிய வேண்டாம். தேனீ, ஈ, வண்டு, வண்ணத்துப்பூச்சி என்று பிரித்தாலே போதும்.

அடுத்தது புல். இடத்தை மூன்றாகப் பிரித்து, ஒரு தடவைக்கு ஒரு பங்கை மட்டும் 8–10 செ.மீ. உயரம் விட்டு வெட்டுங்கள். வெட்டியதை ஓரிரு நாள் காயவிட்டால் விதை உதிரும், பூச்சிகள் நகர்ந்துகொள்ளும். அதன்பின் கட்டாயம் அள்ளிவிட வேண்டும். அங்கேயே மக்கினால் தழைச்சத்து ஏறி, முரட்டுப் புல் பூச்செடிகளை அமுக்கிவிடும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்.

மரங்கொத்தி:
கடையில் விற்கும் தேனீ விடுதிகளில் பல வெறும் அலங்காரம். துளை 3–10 மி.மீ. அகலம், 15 செ.மீ. ஆழம், பின்பக்கம் அடைப்பு, உள்ளே சிராய் இல்லாமல் வழவழப்பு. பெண் முட்டைகள் பின்னாலும் ஆண் முட்டைகள் முன்னாலும் இடப்படும்; ஆழம் குறைந்தால் ஆண்களே மிஞ்சும். காலை வெயில் படுகிற, மழைச்சாரல் அடிக்காத சுவரில் ஆடாமல் பொருத்துங்கள். பெரிதாக ஒன்று வேண்டாம், சின்னச் சின்னதாகப் பிரித்து வையுங்கள். நெருக்கத்தில் ஒட்டுண்ணியும் பூஞ்சையும் பரவும். துளைக்குள் காகிதக் குழாய் செருகியிருந்தால் அதை ஆண்டுதோறும் மாற்றலாம்.

வேலியோரம்:
நன்றி. குளம் வெட்டினால் கொசு வரும் என்று எதிர்ப்பு இருக்கிறதே?

நீர்க்கரை:
கொசுவுக்குப் பயந்து மீன் விடாதீர்கள். அது தும்பி இளரியையும் (தண்ணீரில் வாழும் தும்பியின் இளம் பருவம்) தலைப்பிரட்டையையும் சேர்த்துத் தின்றுவிடும்; தும்பி இளரியோ கொசுப்புழுவைத் தின்பது. ஆழம் நடுவில் 50–60 செ.மீ.; ஒரு கரையாவது 1:5 சரிவு, தவறி விழும் சிற்றுயிர் ஏறி வர. குழந்தைகள் நடமாடும் இடம் என்றால் வேலி அவசியம். மழைநீரால் நிரப்புங்கள், குழாய்நீரில் சத்து அதிகமிருந்தால் பாசி பிடிக்கும். கொசு விஷயத்தில் பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கும் தட்டுதான் ஆபத்து. அந்தத் தண்ணீரை இரண்டு நாளுக்கொரு முறை கொட்டி மாற்ற வேண்டும்.

தும்பி:
புல் வளர்ந்ததும் "பராமரிப்பே இல்லை" என்று புகார் கிளம்பும். நடைபாதை ஓரம் 1 மீட்டர் மட்டும் ஒட்ட வெட்டி, வேண்டுமென்றே விட்டிருப்பதாக ஒரு பலகை நட்டுவிடுங்கள்.