காலைல பசிக்கலன்னு சொல்ற பையனுக்கு என்ன குடுக்கலாம்?

எல்லாருக்கும் வணக்கம், ஒரு ஹெல்ப் வேணும். என் பையன் பத்தாவது படிக்கிறான், காலைல எதக் குடுத்தாலும் ரெண்டு வாய் வச்சிட்டு பசிக்கலம்மான்னு தட்ட தள்ளி வச்சிடறான், ஆனா பதினோரு மணி ஆனா கிளாஸ்ல தலை வலிக்குதாம், பாவமா இருக்கு. பிரெட்டும் ஜாமும் மட்டும்தான் இறங்குது, அது சீக்கிரமே ஜீரணமாயிடும், புரோட்டீனும் நார்ச்சத்தும் இருந்தாதான் வயிறு தாங்கும்.

ஒரு முட்டைல 6 கிராம் கிட்ட புரோட்டீன் இருக்கு, ஆனா அவிச்சுக் குடுத்தா வாசனை ஆகாதுன்னு மஞ்சக்கருவ மட்டும் தோண்டி ஓரமா வச்சிடறான். ஓட்ஸ் சூடா காய்ச்சினா கொழகொழன்னு இருக்குன்னு தொடவே மாட்டான், அதையே ராத்திரி பால்ல ஊறப்போட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சு காலைல வாழைப்பழம் வெட்டிப் போட்டா கிண்ணம் காலி. ஆனா தினமும் அதையே குடுத்தா சலிச்சிடுமே. ராத்திரி லேட்டா சாப்பிடறதும் ஒரு காரணம்னு தோணுது, அதையும் மாத்திட்டு இருக்கேன். திட்டி ஊட்டறதுல எனக்கு இஷ்டமில்ல.

உங்க வீட்டுல இந்த வயசுப் பசங்க காலைல விரும்பி என்ன சாப்பிடறாங்க? முட்டைய வாசனை தெரியாம எப்படி செய்யறீங்க? கைல எடுத்துட்டு போற மாதிரி இருந்தா இன்னும் நல்லது. வேர்க்கடலையும் நட்ஸும் அவனுக்கு அலர்ஜி, அத விட்டுட்டு எதுவானாலும் சொல்லுங்க ப்ளீஸ்.